பெங்களூரில் அடிபட்டாலும் கிருஷ்ணகிரியிலேயே வழக்குப் போடலாம்

பெங்களூருக்கு வேலைக்குப் போன இடத்தில், ரோட்டில் நடந்து போகும்போது வண்டி மோதிக் காயம்பட்டால் நஷ்டஈட்டு வழக்கை அங்கேதான் போடவேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருப்பது கிருஷ்ணகிரியோ தருமபுரியோ, அங்குள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவு, விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கிற அல்லது தொழில் செய்கிற இடம், எதிர்த்தரப்பு வசிக்கிற இடம் என மூன்றில் ஒன்றை நம்மையே தேர்ந்தெடுக்க விடுகிறது. மாவுக்கட்டு போட்ட காலோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஓசூர் தாண்டி பஸ் ஏறுவது மிச்சம். எஃப்ஐஆர் கன்னடத்தில் இருக்கும், நகல் வாங்கி மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போடவேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் சொல்கிறது, அதனால் போலீஸ் கேஸ் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் இந்த வழி உதவாது. அதற்குத் தனித் திட்டம் இருக்கிறது: பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம், ஆனால் விண்ணப்பம் விபத்து நடந்த தாலுகாவின் வருவாய்த்துறை அதிகாரியிடம்தான்.