வன்தட்டைக் கணினி காணவில்லையா? அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த எங்கள் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் இன்று இல்லை. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. அந்த லயத்து வீடுகளையும் கோயில் திருவிழாக்களையும் தமிழ்ப்பள்ளி வகுப்புகளையும் காட்டும் பழைய படங்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து, ஒரே ஒரு வெளிப்புற வன்தட்டில் சேர்த்து வைத்திருந்தேன். சென்ற தீபாவளி விடுமுறையில் அதை மடிக்கணினியில் செருகியபோது விளக்கு எரிந்தது, தட்டு சுழலும் அதிர்வும் கையில் தெரிந்தது, ஆனால் திரையில் எதுவும் வரவில்லை. மூன்று நாள் அலைச்சலுக்குப் பின் கிடைத்த விடையை, அதே நிலையில் இருப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. வட்டை ஃபார்மெட் செய்யவா, இனிஷியலைஸ் செய்யவா (புது வட்டுபோலத் தயார்படுத்தவா) என்று விண்டோஸ் கேட்டால், உள்ளே வேண்டிய கோப்புகள் இருக்கும்வரை இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள்.

படி 1: கேபிள். என்னை மூன்று நாள் அலைக்கழித்தது இதுதான். வன்தட்டோடு வந்த கேபிள் தொலைந்திருந்ததால், இரவுச் சந்தையில் வாங்கிய பழைய கைப்பேசிக் கேபிளைச் செருகியிருந்தேன். யூஎஸ்பி 3.0 வன்தட்டுகள் பலவற்றில் உள்ள அகலமான மைக்ரோ-பி துளையின் ஒரு பாதியில் கைப்பேசியின் சிறிய மைக்ரோ முனை சரியாகப் பொருந்திவிடும். ஆனால் மலிவான சார்ஜர் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் செல்லும் கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவு செல்லும் கம்பிகள் இருக்கமாட்டா. ஆகவே விளக்கு எரிவதையும் தட்டு சுழல்வதையும் வைத்துக் கேபிள் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. அதே கேபிளால் ஒரு கைப்பேசியைக் கணினியில் இணைத்துப் படங்களை நகலெடுக்க முடிகிறதா என்று பாருங்கள்; முடியாவிட்டால் கேபிளைத்தான் மாற்ற வேண்டும். நான் அகல முனை கொண்ட குட்டையான யூஎஸ்பி 3.0 கேபிள் ஒன்றை வாங்கிச் செருகிய மறுநொடியே வட்டு தெரிந்தது. நீளமான கேபிளில் மின்னழுத்தம் குறைவதால், குட்டையானதையே நான் விரும்புகிறேன்.

படி 2: மின்சாரம். 2.5 அங்குல வன்தட்டு தனக்கு வேண்டிய மின்சாரத்தைக் கணினியின் யூஎஸ்பி துளையிலிருந்தே எடுக்கிறது. யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியரும், 3.0 துளை 900 மில்லியாம்பியரும் தர வேண்டும் என்பது விதி. ஒரு துளையைப் பலவாக்கும், தனி மின்சாரம் இல்லாத ஹப்பை விலக்கி, மேசைக் கணினியானால் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். பெரிய 3.5 அங்குல வன்தட்டுக்குத் தனி அடாப்டர் உண்டு, பெரும்பாலும் 12 வோல்ட். நம் பக்கத்து மாலை நேர இடிமழையில் அது பழுதாகியிருக்கலாம். முனை பொருந்துகிறது என்பதற்காக 19 வோல்ட் மடிக்கணினி அடாப்டரைச் செருகினால் வட்டின் மின்பலகை எரிந்துவிடும்.

படி 3: டிஸ்க் மேனேஜ்மென்ட். இணைத்த வட்டுகளையெல்லாம் காட்டும் விண்டோஸ் கருவி இது; விண்டோஸ் பொத்தானோடு எக்ஸ் எழுத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் இருக்கிறது. வட்டு சரியான கொள்ளளவோடு தெரிந்து, D, E போன்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால், அதன்மேல் வலது சொடுக்கிட்டு ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’ வழியாக ஓர் எழுத்தைக் கொடுங்கள். ‘ஆஃப்லைன்’ என்றிருந்தால் ஆன்லைன் ஆக்குங்கள். ‘ரா’ என்றிருந்தால் கோப்பு அமைப்பு சிதைந்துள்ளது என்று பொருள். கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அவற்றை மீட்கக் காசு கேட்கும் மென்பொருள்களைவிட இலவசமான டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டையுமே நான் நம்புகிறேன். மீட்டவற்றை வேறொரு வட்டில்தான் சேமிக்க வேண்டும். வட்டின் பிழைகளைச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையை முதலில் ஓட்டச் சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அது பழுதுபார்க்கும் பெயரில் அதே வட்டில் எழுதுகிறது.

படி 4: வட்டு ‘டிக் டிக்’ என்று தட்டினாலோ, கொள்ளளவு பூஜ்யமாகத் தெரிந்தாலோ, உடனே கழற்றிவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். பெட்டியை உடைத்து உள்வட்டை வேறு கணினியில் பொருத்தலாம் என்று எண்ண வேண்டாம்: சிலவற்றில் யூஎஸ்பி துளை வட்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் பெட்டியிலுள்ள யூஎஸ்பி பலகையே தரவைக் குறியாக்கம் செய்வதால், அது இல்லாமல் எதையும் படிக்க முடியாது. தட்டும் ஒலி இல்லாமல் வட்டு மீண்டும் தெரிந்துவிட்டால், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ (எச்சரிக்கை) என்று வந்தால் அன்றே நகலெடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஆசிரியை ஒருவர், திருமணப் படங்கள் இருந்த வன்தட்டைக் கொண்டுவந்தார், கேபிள் நல்லது, வட்டும் நல்லது, ஆனால் விண்டோஸ் ஃபார்மெட் செய்யச் சொன்னது. படம் எடுத்தவர் மேக் கணினியில், ஆப்பிளின் கோப்பு அமைப்பான ஏபிஎஃப்எஸ்ஸில் பதிந்திருந்தார். அதை விண்டோஸ் தானாகப் படிக்காது. மேக் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் செருகி, மேக், விண்டோஸ் இரண்டும் படிக்கும் எக்ஸ்ஃபாட் அமைப்பிலுள்ள வேறொரு வட்டுக்கு நகலெடுத்தோம். எல்லாப் படங்களும் வந்துவிட்டன.