வாங்கும் நேரத்தை வரையும் நேரமாக மாற்றுவது எப்படி

வீட்டிலிருக்கும் பொருள்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: கை பட்டுத் தேய்கிறவை, தூசி தட்டும்போது மட்டும் கை படுகிறவை. வீடு முழுக்க வேண்டாம், ஒரு மேசை போதும். நான் பென்சில் ஓவியம் வரைகிறவன். என் மேசையில் முதல் வகையில் தேறியவை ஒரு 2பி பென்சில், அதைவிடக் கருப்பாக எழுதும் ஒரு 6பி பென்சில், அழிப்பான், சீவும் கத்தி, தாள் கட்டு. மற்றதெல்லாம் இரண்டாவது வகைதான்.

இரண்டாவது வகையை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. அது எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று மட்டும் கவனியுங்கள். விலையை ஒரு தடவைதான் கொடுக்கிறோம். துடைப்பதும் பழுதுபார்ப்பதும் அடுத்த மாடல் வந்துவிட்டதா என்று தேடுவதும் பொருள் இருக்கும்வரை தொடர்கின்றன. போதாதற்கு, ஒரு பொருள் துணைக்கு இன்னொன்றையும் கூப்பிடும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் டெனி டிடரோ இதைப் பற்றியே எழுதிய ஒரு கட்டுரை 1769இல் வெளிவந்தது. அழகான புது அங்கி வந்ததும் பழைய நாற்காலியும் மேசையும் அதன் பக்கத்தில் மட்டமாகத் தெரிய, ஒவ்வொன்றாக மாற்றினாராம். பழைய அங்கியிலேயே பேனா மையைத் துடைத்துக்கொண்டு எழுதியவர், புதியதற்கு அடிமையாகிவிட்டேன் என்று புலம்புகிறார்.

அதனால் எதையாவது வாங்கத் தோன்றினால், முதலில் இருப்பதை வைத்து அந்த வேலையைச் செய்து பாருங்கள். 72 நிறப் பென்சில் பெட்டியை மனசு கேட்கிறதா? சரி, கசங்கிய துணி ஒன்றைப் பக்கவாட்டில் விளக்கொளி படும்படி வைத்து, 2பியால் மட்டும் வரையுங்கள். மடிப்பின் மேடு வெளிச்சமாகவும் அதன் மறுபக்கம் இருட்டாகவும் இருக்கும். அந்த இருட்டுக்குள்ளும் உற்றுப் பாருங்கள். பக்கத்து மடிப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, நிழலின் ஓரத்தில் மெல்லிய கீற்றாகத் தெரியும். அதைப் பிடிக்கப் பென்சில் தாளைத் தொட்டும் தொடாமலும் ஓட வேண்டும். முதலில் எல்லாம் ஒரே கருப்பாகத்தான் வரும். அப்புறம் கண் பழகும், கையும் பின்னாலேயே வரும். அது வந்துவிட்டால் யார் பென்சிலைக் கொடுத்தாலும் உங்களால் வரைய முடியும். மடிப்பின் அடியாழ இருட்டு 2பியில் வரவில்லை என்று தெரிந்த பிறகு 6பியை எடுங்கள். அதில் களிமண் குறைவு, கிராஃபைட் அதிகம் என்பதால் நன்றாகக் கருக்கும்.

வாங்கும் ஆசை அப்படியும் விடவில்லை என்றால் கொஞ்சம் தியானம் செய்து பாருங்கள். அதற்கும் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பாதம் தரையில் பதிய நாற்காலியில் உட்கார்ந்து, வெளிவிடும் மூச்சை 1 முதல் 10 வரை எண்ணுங்கள். எண் தவறினால் மறுபடி 1. நடுவில் வாங்க நினைத்த பொருள் ஞாபகம் வரும். விரட்டாதீர்கள், எண்ணிக்கொண்டே இருங்கள். எனக்கு அந்தத் தவிப்பு பெரும்பாலும் எழுந்திருப்பதற்குள் தணிந்துவிடுகிறது. தணியாமல் நிற்பவற்றில் சில, உண்மையிலேயே தேவையானவை.

வாடகை, மருந்து, நல்ல மூக்குக்கண்ணாடி எல்லாம் வேறு கணக்கு. பற்றாக்குறையில் தவிப்பவரிடம் பொருள் பெரிதில்லை என்று பேசுவது எனக்குச் சம்மதமில்லை. அதேபோல் தாளிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பழகுவதற்கு எந்தத் தாளும் போதும். ஆனால் மலிவான தாள் நாளடைவில் மஞ்சளாகி நொறுங்கிவிடும். பாதுகாக்க நினைக்கும் படத்துக்கு அமிலமில்லாத தாளாகக் கேட்டு வாங்குங்கள்.