முதுகு வலிக்கு வி.ஆர். ஹெட்செட்: எங்கே தவறு செய்கிறோம்?

2021 நவம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு என்று ஒரு வி.ஆர். சாதனத்துக்கு (தலையில் மாட்டினால் வேறொரு உலகத்துக்குள் இருப்பது போலக் காட்டும் மெய்நிகர் கருவி) அனுமதி கொடுத்தது. அன்று அதன் பெயர் ஈஸ்விஆர்எக்ஸ், பிறகு ரிலீவ்விஆர்எக்ஸ் ஆனது. டாக்டர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். செய்தி பரவப் பரவ, ‘தலையில் மாட்டினால் வலி போய்விடுமாம்’ என்று அது சுருங்கிவிட்டது. முதல் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தச் சாதனத்தில் இருப்பது 8 வாரப் பாடத்திட்டம். மொத்தம் 56 அமர்வுகள். ஒவ்வொன்றும் 2 முதல் 16 நிமிடம். மூச்சை ஆழமாக விடுவது, உடம்பைத் தளர்த்துவது, கவனத்தை வலியிலிருந்து திருப்புவது, வலி எப்படி உண்டாகிறது என்று புரிந்துகொள்வது எல்லாம் இதில் வரும். ஹெட்செட் வெறும் வகுப்பறைதான். கற்றதை அதைக் கழற்றிய பிறகும் செய்ய வேண்டும்.

பலன் எவ்வளவு? 179 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு இந்தப் பாடத்திட்டம். மற்றதற்கு அதே மாதிரி ஹெட்செட்டில் பாடம் எதுவும் இல்லாத சாதாரணக் காட்சிகள். 8 வார முடிவில் வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்றவர்கள் முதல் பிரிவில் 66 சதவீதம், இரண்டாவதில் 41 சதவீதம். சும்மா படம் பார்த்தவர்களிலேயே இத்தனை பேருக்குக் குறைந்திருக்கிறதே! நம்பிக்கை, ஓய்வு, காலம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு இருக்கும். அதனால் அந்த 66-ஐ மட்டும் காட்டி விற்க வருபவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

அடுத்தது, வீட்டிலிருக்கும் கேம் ஹெட்செட்டே போதும் என்று நினைப்பது. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது, நோயாளியைப் பனிப்பந்து வீசும் விளையாட்டில் ஈடுபடுத்தி வலியை மறக்கடிக்கும் முறையை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மன் குழுவினர் உருவாக்கினார்கள். அங்கே அது சரி. கட்டு மாற்றுவது கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகு வலியில், விளையாட்டு முடிந்ததும் வலி அப்படியே காத்திருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. ‘ஜவ்வு விலகியிருக்கு’, ‘எலும்பு தேய்மானம்’ என்று கேட்டதும் பலர் குனிவதையே நிறுத்திவிடுகிறார்கள். 2015-ல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவிலிருக்கும் ஜவ்வு) தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். நரை மாதிரி வயதோடு வருவதை நோய் என்று பயந்தால், பயத்தில் அசைவு குறையும், தசை பலவீனமாகும், அப்புறம் சின்ன வேலைக்கே வலிக்கும். இந்தச் சுழலை உடைப்பதுதான் வலிக் கல்வியின் வேலை. பாடத்தில் அந்தப் பகுதி வரும்போது ‘இதெல்லாம் தெரிந்ததுதானே’ என்று தள்ளிவிடுபவர்கள் மருந்தைக் கீழே ஊற்றிவிட்டுப் பாட்டிலை வைத்திருக்கிறார்கள்.

இதையே ‘வலி உன் மனசுலதான் இருக்கு’ என்று குடும்பத்தினர் சொல்லிக் காட்டுவதும் தவறு. வலி நிஜம். நீண்ட நாள் வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகி, ஆபத்தில்லாத அசைவுக்கும் வலியைக் கொடுக்கிறது.

பாடம் மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாலும் பெரிதாகப் பலன் இராது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் கல்வியோடு உடற்பயிற்சியும் இருக்கிறது. நம் ஊரில் அதிகம் விற்கும் இடுப்பு பெல்ட்டையும், முதுகை இழுத்துவிடும் டிராக்‌ஷனையும் வழக்கமான சிகிச்சையாக அது பரிந்துரைக்கவில்லை.

ஹெட்செட் மாட்டுபவர்கள் முதல் சில நாள் உட்கார்ந்தே பாருங்கள். அந்தச் சோதனையில் ஐந்தில் ஒருவருக்கு ஹெட்செட் அசௌகரியமாக இருந்தது. பத்தில் ஒருவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்தன. வலிப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் மாட்டவே கூடாது.

இவையெல்லாம் டாக்டர் பார்த்து, வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்த வலிக்குத்தான். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போவது, கால் திடீரென்று பலமிழப்பது ஆகியவை தெரிந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்தது என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.