பேஸ்பால் டிராஃப்ட் கணிப்பு: சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். 2025 ஜூலையில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் ஆளாக ஈலை வில்லிட்ஸ் பெயரை அறிவித்தபோதே நான் எழுதி வைத்திருந்த வரிசை கலைந்துவிட்டது. நான் போட்டிருந்தது கேட் ஆண்டர்சன், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இடது கை பிட்ச்சர் (பந்து வீசுபவர்). அவர் மூன்றாவதாகத்தான் போனார். வில்லிட்ஸ் ஓக்லஹோமாவில் பள்ளி முடித்த 17 வயதுப் பையன். திறமைசாலி, சந்தேகமில்லை. ஆனால் முதல் ஆளா?

ஒப்பந்தத் தொகைகள் வெளிவந்தபோது விடை தெரிந்தது. வில்லிட்ஸுக்குக் கிடைத்தது 82 லட்சம் டாலர். முதல் இடத்துக்கு மேஜர் லீக் குறித்திருந்த தொகையோ 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். நாலாவதாக கொலராடோ எடுத்த ஈத்தன் ஹாலிடே 90 லட்சம் வாங்கினார். முதல் ஆளைவிட நாலாவது ஆளுக்குச் சம்பாத்தியம் அதிகம்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாக இருக்கும். அங்கே விலை மேடையில் ஏறுகிறது. அதிக விலை போனவரே பெரிய ஆள். இங்கே மேடையில் தெரிவது வரிசை மட்டும். விலை பெரும்பாலும் அதற்கு முன்பே தொலைபேசியில் பேசி முடிக்கப்படுகிறது. அதனால் கணிப்பவர்கள் செய்யும் முதல் தவறு, சிறந்த இளம் ஆட்டக்காரர்களின் தரவரிசையை அப்படியே எடுத்து அணிகளின் பெயருக்கு நேரே ஒட்டிவிடுவது. தரவரிசை யார் சிறந்தவர் என்று சொல்கிறது. நாம் கணிக்க வேண்டியது, இந்த அணி இந்த இடத்தில் யாரை என்ன விலைக்கு எடுக்கும் என்பதை.

இந்தக் கணக்கு 2012-ல் தொடங்கியது. முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வொரு இடத்துக்கும் லீக் குறிக்கும் ஒரு தொகை உண்டு, அதுதான் ஸ்லாட். ஓர் அணிக்கு இருக்கும் இடங்களின் தொகையைக் கூட்டினால் அதுதான் அதன் மொத்தப் பை. அந்தப் பையை ஐந்து சதவீதத்துக்கு மேல் மீறினால் வருங்கால முதல் சுற்றுத் தேர்வே பறிபோகும் என்பதால் அந்தக் கோட்டை யாரும் தாண்டுவதில்லை. ஆனால் பைக்குள் பணத்தை எப்படிப் பிரிக்கலாம் என்பது அணியின் விருப்பம். மேலே மிச்சம் பிடித்தால் கீழே தாராளமாகச் செலவழிக்கலாம்.

அந்த முதல் ஆண்டே ஹூஸ்டன் இதைச் செய்து காட்டியது. எல்லோரும் ஸ்டான்ஃபோர்ட் பிட்ச்சர் மார்க் அப்பெலை எதிர்பார்த்திருக்க, அவர்கள் கார்லோஸ் கொரேயாவை எடுத்தார்கள். ஸ்லாட் 72 லட்சம், கொடுத்தது 48 லட்சம். மிஞ்சியதில் ஒரு பங்கு 41-வது இடத்தில் எடுத்த லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஜூனியருக்குப் போனது. அவருக்கு 25 லட்சம். ஐந்து வருடம் கழித்து இருவரும் சேர்ந்து உலகத் தொடர் என்கிற சாம்பியன் பட்டத்தை வென்றார்கள். அப்பெல் எட்டாவது இடம்வரை சரிந்தார்.

இதில் கவனிக்க வேண்டிய ஆள் ஒருவர் உண்டு: அப்போது ஹூஸ்டனின் ஆள் தேடும் குழுவில் இருந்த மைக் இலியாஸ். பிறகு பால்டிமோரின் பொது மேலாளரான அவர், 2020-ல் இரண்டாவது இடத்தில் ஹெஸ்டன் கெர்ஸ்டாட்டை எடுத்து எல்லோரையும் புருவம் தூக்க வைத்தார். ஆஸ்டின் மார்ட்டின் என்றுதான் பேச்சு அடிபட்டது. ஸ்லாட்டைவிட 25 லட்சத்துக்கும் மேல் குறைத்துக் கையெழுத்து வாங்கினார். நாலாவது சுற்றில் கோபி மேயோவுக்கு 17.5 லட்சம் கொடுக்க அது உதவியது. இந்த மாதிரி இடங்களில் ஆட்டக்காரர்களின் வீடியோவைப் பத்து முறை பார்ப்பதைவிட, முடிவெடுப்பவரின் பழைய கணக்கைப் பார்ப்பது பலன் தரும் என்பது என் அனுபவம். மேலாளரே மாறிவிட்டால் அதுவும் உதவாது. 2025-ல் நேஷனல்ஸ் தங்கள் பொது மேலாளர் மைக் ரிஸ்ஸோவை டிராஃப்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நீக்கியது.

சரி, இதைப் படித்துவிட்டு எங்கே பார்த்தாலும் பேரம் என்று நினைப்பதும் தவறுதான். 2023-ல் பிட்ஸ்பர்க் முதலில் எடுத்த பால் ஸ்கீன்ஸுக்கு 92 லட்சம் கொடுத்தது. அதுவரை டிராஃப்டில் யாரும் அவ்வளவு வாங்கியதில்லை. ஒருவர் மற்றவர்களைவிடத் தெளிவாக உயர்ந்து நின்றால் அணி பேரத்தை நினைக்காது. முதல் ஐந்தாறு பேரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும் ஆண்டில்தான் மலிவாக வருபவர் மேலே ஏறுவார். 2021-ல் அதே பிட்ஸ்பர்க் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) ஹென்றி டேவிஸை 65 லட்சத்துக்கு முடித்தது, ஸ்லாட் 84 லட்சமாக இருந்தும். மூன்றாம் சுற்றில் பப்பா சாண்ட்லருக்கு 30 லட்சம் கொடுக்க முடிந்தது அதனால்தான். கிளெம்சனில் அமெரிக்கக் கால்பந்தும் சேர்த்து ஆடப் போவதாக இருந்த பையன். குறைந்த காசுக்கு வந்திருக்க மாட்டான்.

அணியின் இன்றைய தேவையைப் பார்த்துக் கணிப்பது இன்னொரு பழக்கம். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டர்) இல்லாத அணி ஷார்ட்ஸ்டாப்பை எடுக்கும் என்று நினைப்பது. எடுத்தவர் மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகில் இரண்டு மூன்று வருடம் கழிக்க வேண்டியிருப்பதால் அந்த ஓட்டையை அதற்குள் யாராவது அடைத்திருப்பார்கள். இதற்கு விதிவிலக்கு ஏஞ்சல்ஸ் அணி. 2021-ல் தங்கள் 20 தேர்வுகளிலும் பிட்ச்சர்களையே எடுத்தார்கள்! 2023-ல் எடுத்த நோலன் ஷானுவெலை அடுத்த மாதமே பெரிய லீகில் இறக்கினார்கள்.

சீக்கிரம் கணிப்பவர்கள் கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கே முதல் தேர்வு என்று எழுதிவிடுவதும் உண்டு. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்கள் லாட்டரியில் போகின்றன. 2024-ல் கிளீவ்லாந்து இரண்டு சதவீத வாய்ப்பில் முதலிடம் பிடித்து, ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் பசானாவை எடுத்தது. அந்த ஆண்டு 121 ஆட்டங்கள் தோற்ற சிகாகோ வைட் சாக்ஸுக்கு 2025-ல் கிடைத்ததோ பத்தாவது இடம். முந்தைய முறை லாட்டரி இடம் வாங்கிவிட்டதால் இந்த முறை கலந்துகொள்ள விதி இடம் தரவில்லை.

அப்புறம் மருத்துவ அறிக்கை. இதை வெளியில் இருந்து நாம் பார்க்கவே முடியாது. 2014-ல் ஹூஸ்டன் முதலாவதாக எடுத்த பிரேடி எய்கனின் முழங்கை பற்றி அணிக்குக் கவலை எழுந்தது, ஒப்பந்தம் கைகூடவில்லை. ஈடாக மறு ஆண்டு கிடைத்த இரண்டாவது இடத்தில் அலெக்ஸ் பிரெக்மனை எடுத்தார்கள். கூமர் ராக்கர் கதை இன்னும் சுவாரசியம் (பெயரில் இருப்பது நம்ம குமார்தான், தாய்வழியில் இந்திய வம்சாவளி). 2021-ல் நியூயார்க் மெட்ஸ் பத்தாவதாக எடுத்து, பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தமே தரவில்லை. அடுத்த ஆண்டு பல கணிப்புகள் அவரை முதல் பத்துக்கு வெளியே வைத்திருக்க, டெக்சாஸ் அவரை மூன்றாவதாக எடுத்தது, 52 லட்சம் டாலருக்கு. அந்த இடத்தின் ஸ்லாட்டைவிட அது வெகு குறைவு. மிச்சம் பிடித்த காசில் நாலாவது சுற்றில் பள்ளி மாணவரான பிட்ச்சர் பிராக் போர்ட்டரைப் பெருந்தொகைக்கு ஒப்பந்தம் செய்தார்கள்.