பெரிய எண்ணை அலசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணியலுக்குப் புதிதாக வருகிற மாணவர்களிடம் முதலில் 147573952589676412927 என்ற எண்ணைக் கொடுப்பேன். 2-இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 1644இல் பிரெஞ்சுக் கணிதர் மெர்சென் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். 1903இல் அமெரிக்கக் கணிதர் ஃபிராங்க் கோல் காரணிகளைக் கண்டுபிடித்தார்: 193707721 × 761838257287. வகுத்தல் விதியை மறப்பது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

கணினித் திரையை நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். விரிதாளில் இந்த எண்ணை இட்டால் முதல் 15 இலக்கங்கள்தான் தங்கும்; மீதி ஆறும் பூச்சியமாகிவிடும். "சார், இது பத்தால் வகுபடுகிறது" என்று ஒரு மாணவர் வந்து நின்றார். 2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் ஒற்றைப்படைதானே வரும் என்று கேட்டேன். "கணினி அப்படித்தான் காட்டுகிறது" என்றார்.

அடுத்து பைத்தான் என்ற நிரல்மொழிக்குப் போனார். அங்கே முழு எண் எவ்வளவு நீண்டாலும் சிதையாது. ஆனால் வகுப்பதற்கு ஒற்றைச் சாய்கோடு போட்டார். ஈவு மிதவைப் புள்ளி எண்ணாகிவிட்டது, அதாவது கணினி தோராயமாக வைத்திருக்கும் தசம எண். அதற்கு 53 பிட் (இரும இலக்கம்) துல்லியம்தான் உண்டு. ஈவு 9007199254740992-ஐத் தாண்டினால் பின்னத்துக்கு அதில் இடமே கிடையாது. எனவே 3ஆல் வகுத்தாலும் 7ஆல் வகுத்தாலும் விடை ‘முழு எண்’தான். 16,000 வரை எந்த எண்ணைக் கேட்டாலும் ‘வகுபடும்’ என்றே பதில் வரும். ஆயிரக்கணக்கான ‘காரணிகளை’ அட்டவணையாக்கிக் கருத்தரங்குக்கே அனுப்பிவிட்டார். கட்டுரை திரும்பி வந்தது; ஒரு பருவத்து உழைப்பு வீண். இந்த எண்ணுக்கு 1-ஐயும் தன்னையும் சேர்த்து வகுத்திகள் நான்கே நான்கு!

ஈவைப் பார்க்காதீர்கள், மீதியைக் கேளுங்கள். பைத்தானில் அதற்குச் சதவீதக் குறி இருக்கிறது. 3ஆல் வகுத்தால் மீதி 1. 7ஆல் வகுத்தாலும் 1.

ஒரே சோதனையில் ‘பகா எண்’ என்று முடிப்பது

ஃபெர்மா சோதனையில், எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு அடியை உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்போம். 2-ஐ அடியாக வைத்தால் இந்த எண் சுலபமாகத் தேறிவிடும். 2-இன் 67ஆம் அடுக்கை இதனால் வகுத்தால் மீதி 1. எண்ணில் ஒன்றைக் குறைத்தால் வருவது 67-இன் மடங்கு. ஆக, சோதனைக்கு வேறு விடை சொல்ல வழியே இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருக்கும் மெர்சென் எண்கள் (2-இன் அடுக்கில் ஒன்று குறைந்தவை) எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மெர்சென் எண் பகா எண்ணா இல்லையா என்று உறுதியாகச் சொல்லும் லூக்கா–லெமர் சோதனைக்குப் போங்கள்.

பகு எண் என்று தெரிந்ததும் காரணியும் கையில் வந்ததாக நினைப்பது

பிரெஞ்சுக் கணிதர் லூக்கா இது பகு எண் என்று நிறுவியது 1876இல். ஒரு காரணியைக்கூட அவர் காட்டவில்லை.

எல்லா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது

இதன் காரணி ஒவ்வொன்றும் 134-இன் மடங்கைவிட ஒன்று கூடுதல். மற்றவற்றைத் தொட வேண்டாம்.

இலக்கங்களைக் கையால் பெயர்த்தெழுதுவது

செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் 11ஆல் வகுத்து மீதியை ஒப்பிடுங்கள். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் 9ஆல் வகுத்த மீதி அதைக் காட்டிக்கொடுக்காது.