பிசிக்ஸ் லேப் மேனுவல கடைசி நேரத்துல தேடுறவங்க பண்ற தப்புங்க

ரெக்கார்டு சப்மிட் பண்ண இன்னும் நாலே நாள்னு தெரிஞ்சப்புறம்தான் லேப் மேனுவல்னு ஒண்ணு இருக்கறதே நமக்கு ஞாபகத்துக்கு வரும். பிஎஸ்சி பிசிக்ஸ் படிக்கறப்ப நானும் அதே ஜாதிதான், அதனால சொல்றேன்.

முதல் தப்பு, உடனே போன எடுத்து பிடிஎஃப் தேடறது. எந்த எக்ஸ்பெரிமென்ட்டுக்குன்னு தெரியாமயே 200 பக்கம் டவுன்லோடு பண்ணி வச்சுப்போம். சிலபஸ்ல நிறைய போட்டிருக்கும், ஆனா லேப்ல என்ன ஆப்பரேட்டஸ் இருக்கோ அத வச்சுத்தான் செய்ய வைப்பாங்க. அந்த லிஸ்ட் உங்க டிபார்ட்மென்ட்லதான் கிடைக்கும். லேப் அட்டெண்டர் அண்ணன்கிட்ட கேளுங்க, பல நேரம் ஸ்டாஃபவிட அவருக்குத்தான் கரெக்டா தெரியும்.

அடுத்தது சீனியர் ரெக்கார்டு. வாங்கறது தப்பே இல்ல. ஃபார்முலா, டேபுலர் காலம், டயகிராம் எப்படிப் போடணும்னு பாத்துக்கலாம். ரீடிங்கையும் சேத்து அடிக்கறப்பதான் மாட்டுவோம். நான் கிரேட்டிங் (நெருக்கமா கோடு போட்ட தகடு) எக்ஸ்பெரிமென்ட்டுக்கு சீனியரோட ஆங்கிள அப்படியே எழுதிட்டு, கிரேட்டிங்ல இருக்கற கோடு எண்ணிக்கைய மட்டும் எங்க லேப்ல பாத்துப் போட்டேன். அவர் யூஸ் பண்ணது இன்ச்சுக்கு 15,000 கோடு, அதாவது மீட்டருக்கு சுமார் 5.9 லட்சம், எங்களுக்கு வந்தது மீட்டருக்கு 6 லட்சம் போட்ட புது கிரேட்டிங். 5893 ஆங்ஸ்ட்ராம் வரவேண்டிய சோடியம் லைட்டோட வேவ்லெங்த் 5800ல வந்து நிக்குது, வெளியில இருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒரு பார்வைதான் பாத்தார், "எங்கப்பா, இந்த ஆங்கிள ஸ்பெக்ட்ரோமீட்டர்ல செட் பண்ணிக் காட்டு"ன்னுட்டார். அப்புறம் நடந்தத இங்க எழுத முடியாது.

எலக்ட்ரானிக்ஸ்ல இன்னொரு கொடும இருக்கு. வாட்ஸ்அப்ல சுத்தற மங்கலான போட்டோவ பாத்து ஐசி பின் டயகிராம் வரையறது. 7400ங்கற ஐசில பின் 1, 2 இன்புட், 3 அவுட்புட். 7408, 7432 எல்லாம் அதே மாதிரிதான், அதனால 7402வும் அப்படியேன்னு நெனச்சு வரைஞ்சிடுவோம். ஆனா 7402ல 1தான் அவுட்புட், 2, 3 இன்புட். டேட்டாஷீட் ஃப்ரீயாவே கிடைக்குது, ரெண்டு நிமிஷம் ஒதுக்கி பாத்துடுங்க.

நெட்லதான் எடுக்கணும்னா நல்ல இடம் இருக்கு. +2 லெவலுக்கு என்சிஇஆர்டி லேப் மேனுவல் அவங்க சைட்லயே ஃப்ரீ. டிகிரிக்கு இக்னோவோட (தபால்வழி யுனிவர்சிட்டி) இ-ஞானகோஷ் சைட்டுக்கு போங்க, ஆனா கோர்ஸ் கோட் என்னன்னு பாத்து எடுங்க. பிபிஎச்சிடி 131ன்னா மெக்கானிக்ஸ் தியரி, பிபிஎச்சிஎல் 132தான் அதோட லேப். டி-ன்னா தியரி, எல்-ன்னா லேப், அவ்வளவுதான், இத கவனிக்காம தியரிய பிரிண்ட் போட்டு ஜெராக்ஸ் கடைக்கு காசு அழுதவங்கள எனக்குத் தெரியும். நீங்க இக்னோ ஸ்டூடண்ட்டாவே இருந்தா மேனுவல் கையில வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, ஸ்டடி சென்டர்ல லேப் எந்த தேதின்னு முதல்ல கேளுங்க, லேப் செஷன மிஸ் பண்ணிட்டா மேனுவல் இருந்தும் பிரயோஜனமில்ல. ஓலேப்ஸ் மாதிரி ஆன்லைன் சிமுலேஷன்ல செஞ்சு பழகலாம், தாராளமா. அதுல வந்த ரீடிங்க ரெக்கார்டுல எழுதிடாதீங்க, நிஜ ஸ்கேல்ல அவ்வளவு சுத்தமா எதுவும் வராது.

குரூப்ல ராத்திரி 11 மணிக்கு "யாராச்சும் மேனுவல் அனுப்புங்க ப்ளீஸ்"னு போட்டா எவனும் அனுப்ப மாட்டான். "மீட்டர் பிரிட்ஜ் சர்க்யூட் டயகிராம் பக்கம் மட்டும் வேணும்"னு கேட்டுப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல வரும்.

எல்லாத்தையும்விட பெரிய தப்பு, சப்மிஷன் தேதிய டெட்லைன்னு நம்பறது. அப்சர்வேஷன் நோட்ல (லேப்லயே ரீடிங் எழுதற நோட்டு) ஸ்டாஃப் சைன் இருந்தாத்தான் ரெக்கார்டுல சைன் விழும், ரெக்கார்டு முடிஞ்சாத்தான் அதுல இருக்கற போனஃபைடு சர்டிஃபிகேட் பக்கத்துல ஹெச்ஓடி சைன். ஸ்டாஃப் வேற காலேஜுக்கு எக்ஸ்டர்னலா போயிருப்பாங்க, ஹெச்ஓடி மீட்டிங்ல இருப்பார், காலேஜ் ஸ்டோர்ல ரெக்கார்டு நோட் தீர்ந்துபோயிருக்கும். அதனால மேனுவல் கிடைக்கலன்னாலும் பரவால்ல, கையில இருக்கற அப்சர்வேஷன் நோட்ட தூக்கிட்டு இன்னிக்கே போய் சைன் வாங்குங்க, லேப் பூட்டறதுக்கு முன்னாடி.