தடியடியைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு கோத்தகிரியிலோ குன்னூரிலோ சிறு விவசாயிகள் சாலையில் உட்காரும்போது கேமராவோடு போகிறீர்களா? முதலில் தள்ளி நின்று அகலமாக ஒரு படம் எடுத்துவிடுங்கள். கடைப் பலகை, போலீஸ் வரிசை, கூட்டம் எல்லாம் அதிலேயே வரட்டும். ஓங்கிய லத்தியை மட்டும் நெருக்கத்தில் எடுத்தால் எங்கே, யார்மேல் என்று எதுவும் தெரியாது.

மூடுபனியில் வெளிச்சம் குறைவு. கேமராவைத் தானியங்கியில் விட்டால் ஷட்டர் மெதுவாகி, லத்தி வெறும் கோடாகக் கலங்கிப்போகும். ஷட்டர் வேகத்தை 1/500 நொடி வைத்து, ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை) ஏற்றுங்கள். படம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாக வந்தால் பரவாயில்லை. கண்ணீர்ப்புகைக் குண்டின் உறை கிடந்தால் தொடாதீர்கள், கொதிக்கும். அளவு புரிய பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து, உறைமேல் அச்சடித்த எழுத்து தெரியும்படி எடுங்கள். காயத்தை எடுக்குமுன் அடிபட்டவரிடம் கேளுங்கள். பாவம், அவர் நாளைக்கும் அதே ஊரில்தான் இருக்கவேண்டும்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதிலுள்ள நேரம், இடம் பற்றிய தகவல் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். மூலக் கோப்பை அழிக்கவே அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பில் சின்ன மாற்றம் செய்தாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) இருக்கவேண்டும்.